8.45 மணியும் நான்கு ஆசனங்களும்

இலங்கையில் ஏதாவது அரச விழாவுக்குப் போனால் மேடையைச் சற்று உற்றுப் பாருங்கள். சில ஆசனங்களில் மட்டும் வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். அவை பிக்குமாருக்கு. பக்கத்தில் விபூதிப் பட்டையும் சால்வையுமாக ஒரு குருக்கள், தொப்பி அணிந்த ஒரு மௌலவி, வெள்ளை அங்கியில் ஒரு பாதிரியார். நிகழ்ச்சி நிரலில் இந்தப் பகுதிக்கு ‘சர்வமதப் பிரார்த்தனை’ என்று பெயர். பாலம் திறந்தாலும் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினாலும் இது உண்டு. ஒருவர் பின் ஒருவராக ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் ஓதிவிட்டுப் போவார்கள். முதலில் வருவது எப்போதும் பௌத்தம்தான். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அந்த மதத்துக்கு முதன்மை இடம் தருகிறது. ஒலிவாங்கியும் அந்த உறுப்புரைக்குக் கட்டுப்பட்டது.

பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன காட்சி இது. சர்வமதம் என்ற சொல்லைக் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன். ஆனால் இதே சொல்லுக்கு வேறொரு வடிவமும் இருக்கிறது. அதற்கு மேடை கிடையாது, ஆசனமும் கிடையாது. கொழும்பு கொச்சிக்கடையின் புனித அந்தோனியார் ஆலயத்தில், செவ்வாய்க்கிழமைகளில் அதைப் பார்க்கலாம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்த இடங்களில் ஒன்று அதுவாக இருந்தது. அதனால்தான் அந்தத் துயரத்தை நினைவுகூர்வது அன்று முதல் ஒரு மதத்தின் காரியமாக மட்டும் இருக்க முடியாமல் போனது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் ஆடம்பர ஹோட்டல்கள் மூன்று ஆகிய ஆறு இடங்களில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும் பின்னர் மேலும் இரண்டு. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 500 பேர் அளவில் காயமடைந்தார்கள். மிக அதிகமான உயிர்கள் போனது கட்டுவாப்பிட்டியில். அங்கே ஆலயத்துக்குள் இருந்த உயிர்த்த இயேசுவின் சொரூபத்தில் இரத்தம் தெறித்தது. அதைத் துடைக்காமல், கண்ணாடிக்குள் அப்படியே வைத்துவிட்டார்கள். வெள்ளைச் சொரூபத்தில் புள்ளி புள்ளியாக அந்தக் கறை. எல்லா மதத்தாரும் வந்து அதற்கு முன்னால் நிற்கிறார்கள்.

கொச்சிக்கடையின் கதை பழையது. ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்ட காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை இருந்தது. கொச்சியிலிருந்து வந்து ஒளிந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவிடம் மீனவர்கள் ஓடிவந்து, கடல் தங்கள் குடிசைகளை விழுங்குகிறது, நிறுத்தித் தாருங்கள் என்று கேட்டார்களாம். அவர் மணலில் ஒரு சிலுவையை நட்டுச் செபித்தாராம், கடல் பின்வாங்கியதாம். வரலாறும் நம்பிக்கையும் இதில் எந்த இடத்தில் பிரிகின்றன என்று ஆராய்வது இப்போது வேண்டாம். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த மீனவர்கள் எந்த மதம் என்பது யாருக்கும் முக்கியமாக இல்லாததுதான். கடல் ஏறிக்கொண்டிருந்தது, வேண்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், கேட்டார்கள்.

இன்றும் அந்த முறை மாறவில்லை. புனித அந்தோனியார் 1231ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்யப்பட்டார் என்பதால் செவ்வாய் அவருக்கு உரிய நாள். கச்சதீவில் இருப்பவரும் இவரே என்று சொன்னால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு உடனே விளங்கும். தமிழில் அவருக்குக் ‘கோடி அற்புதர்’ என்று பெயர். தொலைந்த பொருள், தள்ளிப்போகும் கல்யாணம், வெளிநாடு போன மகனிடமிருந்து வராத அழைப்பு, எல்லாவற்றுக்கும் அவரிடம் போகலாம். சற்றுத் தூரத்தில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே அர்ச்சனை செய்துவிட்டு இங்கே வந்து மெழுகுதிரி ஏற்றுகிற பெண்ணிடம் நீங்கள் என்ன மதம் என்று கேட்டால், கேட்டவரைத்தான் அவர் விசித்திரமாகப் பார்ப்பார். சிங்கள பௌத்தர்களும் வருவார்கள், முஸ்லிம்களும் வருவார்கள். சர்வமதக் குழு, நல்லிணக்கத் திட்டம் என்று எதுவும் வகுக்கப்படாமலே நடப்பது இது.

குண்டு வெடித்த மூன்றாம் நாள், ஏப்ரல் 23, தேசிய துக்க தினமாக அறிவிக்கப்பட்டது. காலை 8.30 மணிக்கு நாடு முழுவதும் மூன்று நிமிட மௌனம். அன்று செவ்வாய்க்கிழமை. ஆலயமோ சிதைந்து மூடிக் கிடந்தது.

அந்த மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பல மதத்தவர் சேர்ந்து இறந்தவர்களுக்காக வேண்டுவது, வெளியே நின்று பார்ப்பவர் நினைப்பதுபோல் எளிதான காரியம் இல்லை. சமாதானத்துக்காக வேண்டுவதில் சிக்கல் குறைவு. எல்லா மதங்களும் அதற்குச் சொற்கள் வைத்திருக்கின்றன. செத்துப்போனவருக்காக வேண்டுவது என்று வரும்போதுதான், செத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்ற கேள்வி வருகிறது. அதில் ஒரு மதமும் இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை.

கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். அவர்களுடைய ஆன்மா இளைப்பாற்றி அடைய இங்கிருந்து வேண்டலாம், அந்த வேண்டுதல் அங்கே போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் கத்தோலிக்க ஆலயம் அல்ல, சுவிசேஷ சபை. அந்த மரபில் இறந்தவருக்காகச் செபிக்கும் வழக்கம் இல்லை. இறந்தவர் ஏற்கெனவே கர்த்தரிடம் போய்விட்டார், வேண்டுதல் தேவைப்படுவது எஞ்சியிருப்பவர்களுக்குத்தான். அங்கே ஞாயிறு பாடசாலை முடிந்து, ஆராதனைக்கு முன் முற்றத்தில் நின்ற பிள்ளைகளுக்கு நடுவில் குண்டு வெடித்தது. ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள், கிட்டத்தட்டப் பாதிப்பேர் சிறுவர்கள். அந்தச் சபை தன் பிள்ளைகளை நினைவுகூரும் விதமும் கட்டுவாப்பிட்டி நினைவுகூரும் விதமும் வேறு வேறு. இரண்டுமே கிறிஸ்தவம் என்ற ஒரே பெயருக்குள் வருகின்றன என்பதை மேடை அமைப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நான்காவது ஆசனத்தில் ஒருவர் உட்கார்ந்தால் சரி.

பௌத்தத்தில் வேண்டிக்கொள்ள ஒரு படைத்தவன் இல்லை. பிக்கு பிரித் என்ற பாதுகாப்புச் சூத்திரங்களை ஓதுவார். ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் தானம் கொடுப்பார்கள். அந்தத் தானத்தால் வந்த புண்ணியம் இறந்தவருக்குச் சேரட்டும் என்று, குடும்பத்தார் ஒரு பாத்திரத்திலிருந்து சிறு கிண்ணத்துக்குள் மெல்லத் தண்ணீர் ஊற்றுவார்கள். கிண்ணம் நிரம்பி வழிந்து கீழிருக்கும் தட்டில் விழும். பிக்குவின் குரல் ஓயும்வரை ஊற்றுவது நிற்காது. சிங்கள வீட்டில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது, யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் கைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. தத்துவத்தில் ஆத்மா உண்டு என்பவரும் இல்லை என்பவரும் எதிரெதிர்த் திசையில் நிற்கிறார்கள். துக்க வீட்டில் இருவர் கையிலும் தண்ணீர்தான் இருக்கிறது.

இஸ்லாத்தில் மரணச் செய்தி கேட்டதும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே மீள்கிறோம் என்பது அதன் பொருள். ஆனால் முஸ்லிம் அல்லாத ஒருவரின் மறுமைக்காகப் பாவமன்னிப்புக் கேட்கலாமா என்பதில் மரபுவழி உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் தயங்குவார்கள். உயிரோடிருப்போரின் ஆறுதலுக்கும் நாட்டின் அமைதிக்கும் துஆ கேட்பதில் அந்தத் தயக்கம் இல்லை. சொரூபங்கள் நிறைந்த ஓர் ஆலயத்துக்குள் நின்று அதைக் கேட்கலாமா என்பது அடுத்த கேள்வி. மேடையில் மௌலவி என்ன சொல்கிறார் என்று கவனித்துக் கேட்டால், அவர் சொற்களை எவ்வளவு நிதானமாகத் தேர்ந்தெடுக்கிறார் என்பது தெரியும்.

ஆகவே எல்லாரும் சேர்ந்து சொல்லக்கூடிய ஒரே பிரார்த்தனை, யாரும் எதுவும் சொல்லாத பிரார்த்தனைதான். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 21 அன்று காலை 8.45க்கு மணி ஒலிக்கிறது, பிறகு இரண்டு நிமிட மௌனம். அந்த இரண்டு நிமிடத்தில் யார் எந்தத் தெய்வத்திடம் என்ன கேட்கிறார் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. அந்த நேரத்தைத் தேர்ந்தவர்கள் எந்தக் குழுவும் அல்ல. கொச்சிக்கடை ஆலயத்தின் கடிகாரம் குண்டு அதிர்ச்சியில் 8.45இல் நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 28 அன்று, கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் பாதுகாப்புக் காரணங்களால் பொதுத் திருப்பலிகளை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி வழியாக மட்டும் திருப்பலி நிறைவேற்றினார். அதே காலையில் ஆலயத்துக்கு வெளியே தடுப்புக்கு அருகே கூட்டம் கூடியது, பிக்குமாரும் வந்து நின்றார்கள், 8.45க்கு மணி ஒலித்தது.

இந்தச் சிக்கலை உலகம் முன்பே சந்தித்திருக்கிறது. 1986 அக்டோபர் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (இரண்டாம் ஜோன் போல்) இத்தாலியின் அசிசி நகருக்கு எல்லா மதத் தலைவர்களையும் அழைத்தார். கத்தோலிக்கர்களுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது, எல்லாத் தெய்வங்களையும் ஒரே தட்டில் வைப்பதா என்று. அவர் கண்டுபிடித்த வழி ஒரு சொல்லடுக்கு மாற்றம்தான்: நாங்கள் சேர்ந்து செபிக்கப் போவதில்லை, செபிப்பதற்காகச் சேர்ந்திருக்கப் போகிறோம். ஒவ்வொரு மதத்தாரும் நகரின் வெவ்வேறு இடங்களில் தங்கள் முறைப்படி வேண்டினார்கள், பிறகு ஓரிடத்தில் கூடினார்கள். சொல் விளையாட்டுப்போலத் தோன்றினாலும் அந்த இடைவெளியில்தான் மற்றவருக்கு மரியாதை இருக்கிறது.

அதே திருத்தந்தை 1995 ஜனவரியில் கொழும்புக்கு வந்தபோது கதை வேறாகியது. பௌத்தத்தைப் பற்றி அவர் தமது நூல் ஒன்றில் எழுதியிருந்தவற்றால் கோபமுற்ற பௌத்த பீடங்களின் தலைவர்கள் மதங்களுக்கு இடையிலான சந்திப்பைப் புறக்கணித்தார்கள். அசிசிக்கு உலகத்தையே அழைத்தவரின் கூட்டத்தில் நாட்டின் பெரும்பான்மை மதத்தின் இருக்கைகள் காலி. இருபது ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரி 13 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அதே போன்ற சந்திப்புக்கு வந்தார். இந்துக் குருக்கள் ஒருவர் போர்த்திய காவிச் சால்வையைக் கழற்றாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசியதைவிட அந்தச் சால்வைதான் இங்கே பலருக்கு நினைவிருக்கிறது. நான்கே ஆண்டுகளில் அதே நகரத்தில் குண்டு வெடிக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

குண்டு வெடித்த பிறகு மேடையில் ஒரு மாற்றம் நடந்தது. தாக்கியவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்பதால், நான்கு ஆசனங்களில் மௌலவியின் மூன்றாவது ஆசனம் மட்டும் கனமாகிவிட்டது. அதுவரை மௌலவி வந்து உட்கார்ந்தால் அது விருந்தினரின் வருகை. ஏப்ரல் 21க்குப் பிறகு அது ஒரு சாட்சிக் கூண்டு மாதிரி. வந்தால் தன் சமூகம் குற்றமற்றது என்று நிரூபிக்க வந்திருக்கிறார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்ற கேள்வி. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களைத் தாங்கள் ஏற்கப்போவதில்லை என்று உடனடியாகவே அறிவித்தது. ஜனாஸா (இறுதித்) தொழுகையும் அடக்கமும் இறந்த முஸ்லிம் எவருக்கும் செய்ய வேண்டிய கடமை என்று கருதும் ஒரு மதத்தில் இது எவ்வளவு கடுமையான முடிவு என்பதை வெளியிலிருந்த பலர் புரிந்துகொள்ளவில்லை. அதன் விளைவு மட்டக்களப்பில் தெரிந்தது. சீயோன் தேவாலயத்தில் குண்டை வெடிக்கவைத்தவனின் உடல் எச்சங்களை அதிகாரிகள் ஆகஸ்ட் மாதம் கள்ளியங்காடு இந்து மயானத்தில் புதைத்தார்கள். செய்தி பரவியதும் மக்கள் வீதிக்கு வந்தார்கள், பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள், கடைசியில் எச்சங்களைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிணத்துக்கு எந்த மதத்தின் நிலமும் இடம் கொடுக்கவில்லை.

எல்லாரும் மேடையில் சேர்ந்து வேண்டிக்கொண்டிருந்த அதே வாரங்களில் தெருவில் நடந்தது வேறு. மே 5 அன்று நீர்கொழும்பில் கலவரம் மூண்டது. கர்தினால் அங்கே போய், ஒரு முஸ்லிமின் மேலும் கைவைக்காதீர்கள் என்று கத்தோலிக்கர்களைக் கேட்டுக்கொண்டார், அந்தப் பகுதியில் மதுக்கடைகளை மூடச் சொன்னார். மதுக்கடை விஷயத்தில் அவருக்குத் தன் மக்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில், வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தானிய, ஆப்கான் அகதிகள் நூற்றுக்கணக்கில் வெளியேற்றப்பட்டு, பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வளவிலும் படுத்துறங்கினார்கள். அவர்களில் பலர் அகமதியா என்ற பிரிவினர், சிலர் கிறிஸ்தவர்கள். சொந்த நாட்டில் மதத்தின் பெயரால் துரத்தப்பட்டு இங்கே ஓடிவந்தவர்கள். அவர்களுக்காக எந்த மேடையிலும் யாராவது இரண்டு நிமிடம் நின்றார்களா என்பது எனக்கு நினைவில்லை.

அமைதிக்காக வேண்டுவது என்பதன் பொருளே இந்த ஆண்டுகளில் கொச்சிக்கடையைச் சுற்றி மாறியது. 2020 ஏப்ரல் 12, தாக்குதலுக்குப் பிந்திய முதல் உயிர்த்த ஞாயிறு. கொரோனா ஊரடங்கில் ஆலயங்கள் பூட்டியிருந்தன. தொலைக்காட்சித் திருப்பலியில் கர்தினால், எங்களைத் தாக்கியவர்களை நாங்கள் மன்னித்துவிட்டோம் என்றார். உலகம் முழுவதும் அது செய்தியானது. அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. மன்னிப்பை ஒரு முற்றுப்புள்ளியாக வாசிப்பது ஆட்சியில் இருப்பவர்களுக்கு எப்போதுமே வசதியானது.

அடுத்த ஆண்டு மார்ச் 7 அன்று கத்தோலிக்கர்கள் கறுப்பு உடையணிந்து ஆலயத்துக்குப் போனார்கள். அதைக் கறுப்பு ஞாயிறு என்றார்கள். குண்டு வைத்தவனை மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் விருப்பம். ஆனால் 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்திய உளவுத்துறை எச்சரிக்கை அனுப்பியும் ஏன் யாரும் அசையவில்லை, அசையவிடாமல் செய்தது யார் என்ற கேள்விகளை மன்னிப்பு அழித்துவிடாது. அன்றிலிருந்து ஏப்ரல் 21 நினைவு நிகழ்வுகளில் மெழுகுதிரியும் பதாகையும் சேர்ந்தே வருகின்றன. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 2022 ஏப்ரலில் ரோமாபுரிக்குப் போய்த் திருத்தந்தையைச் சந்தித்தன. 2023 ஜனவரி 12 அன்று ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற (Supreme Court) அமர்வு, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் உயர் அதிகாரிகளும் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. சிறிசேன தம் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாதிருந்தவர்களைப் பற்றிய தீர்ப்பு அது. திட்டத்துக்குப் பின்னால் இருந்தது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை, பதாகைகளும் இறங்கவில்லை.

நினைவு நாளில் அரசியல் வேண்டாம், அமைதிக்காக மட்டும் வேண்டுவோம் என்று சொல்பவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மேடையிலிருந்து வரும் ‘அமைதி’ என்ற சொல்லும், பிள்ளையின் படத்தை மார்பில் அணைத்தபடி முன்வரிசையில் நிற்கும் தாய் கேட்கும் ‘அமைதி’யும் ஒன்றல்ல. முதலாவது, பேசாமலிரு என்கிறது. இரண்டாவது, சொல் என்கிறது. பௌத்தர், இந்து, முஸ்லிம் என்று பலர் அந்தத் தாயோடு சேர்ந்து நின்றதும் இரண்டாவதில்தான். நீதி கேட்பதற்குத் தத்துவச் சிக்கல் எதுவும் தடையில்லை. இறந்தவர் எங்கே போனார் என்பதில் ஒத்துப்போகாதவர்கள், இறக்கவைத்தது யார் என்று கேட்பதில் ஒத்துப்போனார்கள். ஐந்தாவது ஆசனம் என்று ஒன்று போடுவதாக இருந்தால் அதில் அந்தத் தாயைத்தான் உட்காரவைக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அதற்கு நேரம் ஒதுக்குவார்களா என்பது சந்தேகம்.

2025இல் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமையில் வந்தது. கொச்சிக்கடையில் ஆறாவது நினைவு நாளுக்குக் கூட்டம் திரண்டது, 8.45க்கு மணி ஒலித்தது, மௌனம். ஆலயங்களில் இறந்த கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் வத்திக்கான் சேர்த்துக்கொண்டதாகக் கர்தினால் அறிவித்தார். அதுவரை யாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்களோ, அவர்களிடமே இனி வேண்டிக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு அது ஓரடி நெருங்கியது. சீயோனின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுடைய சபைக்கு அப்படி ஒரு பட்டியல் தேவைப்படவும் இல்லை.

அன்று முற்பகல் 11 மணி கடந்த சில நிமிடங்களில், ரோமாபுரியில் காலை 7.35க்கு, திருத்தந்தை பிரான்சிஸ் இறந்தார். நினைவு நிகழ்வுக்கு வந்து வீடு திரும்பியவர்களுக்குச் செய்தி பிற்பகலில்தான் எட்டியிருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் காவிச் சால்வையோடு இந்த நகரத்தில் உட்கார்ந்திருந்தவர். மறுநாள் செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்கு உரிய நாள்.